பழைய பதிப்பை நிறுவும்போது சார்புகள் ஏன் முரண்டு பிடிக்கின்றன?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உபுண்டுவிலோ டெபியனிலோ (இரண்டும் லினக்ஸ் இயங்குதளங்கள்) ஒரு மென்பொருளின் பழைய பதிப்பு வேண்டும். மென்பொருளை நிறுவித் தரும் ஆப்டிடம் பதிப்பு எண்ணைச் சொல்லிக் கேட்டால் சார்புகள் (அது ஓடத் தேவைப்படும் மற்ற மென்பொருள்கள்) பொருந்தவில்லை என்று கைவிரிக்கிறது. எங்கிருந்தோ டெப் கோப்பை (அதன் நிறுவல் கோப்பை) இறக்கி, ஆப்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜி கருவி மூலம் ஏற்றியதில் இப்போது ஆப்ட் வேறு எதையும் நிறுவ மறுக்கிறது. சார்புகளோடு சேர்த்துப் பழைய பதிப்பைப் போட்டுத் தர ஒரே கட்டளை கிடையாதா?

பாதி கிடையாது, பாதி உண்டு. அதற்கு முன்னால், முடங்கிக் கிடக்கும் ஆப்டை எழுப்பிவிடுவோம். டிபிகேஜிக்குக் களஞ்சியம் (மென்பொருள்களை வைத்திருந்து இறக்கித் தரும் இடம்) என்றால் என்னவென்றே தெரியாது. கையில் கொடுத்த கோப்பைப் பிரித்து வைக்கும். சார்பு இல்லையென்றால், பிரித்தது பிரித்தபடி, அமைக்கப்படாத நிலையில் விட்டுவிட்டு நகர்ந்துவிடும். அந்தத் தொங்கலைப் பார்த்துத்தான் ஆப்ட் அடுத்த வேலைக்கு நகர மறுக்கிறது. ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையோடு 'ஃபிக்ஸ் புரோக்கன்' விருப்பத்தைச் சேர்த்து ஓட்டுங்கள். தேவையான சார்புகள் களஞ்சியத்தில் இருந்தால் அவற்றை நிறுவி முடிக்கும். இல்லையென்றால் நீங்கள் ஏற்றிய பேக்கேஜையே (மென்பொருள் பொதியையே) நீக்கப் போவதாகச் சொல்லும். நீக்கட்டும். ஆனால் 'ஆம்' என்று அழுத்துவதற்கு முன் நீக்கப்படும் பட்டியலை முழுதாகப் படியுங்கள். டிபிகேஜிக்குச் சார்புகளைக் கண்டுகொள்ளாமல் போகச் சொல்லும் ஃபோர்ஸ் விருப்பங்களும் இருக்கின்றன. அவற்றைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். அது பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. மென்பொருள் ஓடும் நேரம் வரை தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான்.

சரி, ஆப்ட் ஏன் மறுத்தது? ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஆப்ட் ஒரு 'வேட்பாளர்' பதிப்பை, அதாவது நிறுவத் தேர்ந்திருக்கும் பதிப்பை, வைத்திருக்கிறது. சாதாரணமாக அது கிடைப்பதிலேயே புதியது. பெயருக்குப் பின் சமக்குறி போட்டுப் பதிப்பைக் கொடுக்கும்போது, அந்த ஒரு பேக்கேஜின் வேட்பாளர் மட்டும்தான் மாறுகிறது. அதன் சார்புகளுக்கு வேட்பாளர் இன்னும் புதிய பதிப்பே. பெரிய மென்பொருள்கள் ஒரே மூல நிரலிலிருந்து நாலைந்து பேக்கேஜ்களாகப் பிரிந்து வரும்: நிரல் ஒன்று, லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) ஒன்று, பொதுக் கோப்புகள் ஒன்று என்று. அவை ஒன்றையொன்று 'மிகச் சரியாக இதே பதிப்பு' என்ற நிபந்தனையோடு கேட்கும். நிரலைப் பழையதாகவும் லைப்ரரியைப் புதியதாகவும் வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது; ஆப்ட் நிறுத்திவிடுகிறது. லைப்ரரியின் பழைய பதிப்பு அதே களஞ்சியத்தில் கையெட்டும் தூரத்தில் இருந்தாலும், நீங்கள் பெயர் சொல்லிக் கேட்காதவரை ஆப்டின் பழைய தீர்வுமுறை அதை எடுத்துப் பார்க்காது.

ஆகவே முதல் வைத்தியம் எளிது: உடன்பிறந்த பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் அதே பதிப்பு எண்ணோடு ஒரே கட்டளையில் எழுதுங்கள். மென்பொருள்களைத் தனித்தனிச் சூழல்களில் ஓட்டும் டாக்கரின் அதிகாரபூர்வ நிறுவல் வழிகாட்டியே இப்படித்தான் செய்யச் சொல்கிறது; குறிப்பிட்ட பதிப்பு வேண்டுமென்றால் டாக்கர் எஞ்சினுக்கும் அதன் கட்டளைவரிக் கருவிக்கும் ஒரே பதிப்புச் சரத்தைத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பதிப்புச் சரம் முழுதாக, எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும். முன்னால் ஓர் எண்ணும் முக்காற்புள்ளியும் இருந்தால் அது 'எப்பாக்', அதுவும் பதிப்புச் சரத்தின் பகுதிதான். பின்னால் இடைக்கோட்டுக்கு அப்புறம் வருவது டெபியன் அல்லது உபுண்டுவின் சொந்தத் திருத்த எண். இரண்டில் எதை விட்டாலும் அப்படி ஒரு பதிப்பே இல்லை என்று பதில் வரும். 'ஆப்ட் கேஷ் பாலிசி' அல்லது 'ஆப்ட் கேஷ் மேடிசன்' கொடுத்தால் என்னென்ன பதிப்புகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்று காட்டும். அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்ய வேண்டாம்.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு வசதியும் இங்கே உண்டு. சமக்குறிக்குப் பதில் சாய்கோடு போட்டு டெபியன் அல்லது உபுண்டு வெளியீட்டின் பெயரைக் கொடுத்தால், தேவைப்படும் இடத்தில் சார்புகளையும் அதே வெளியீட்டிலிருந்து எடுக்க ஆப்ட் முயலும். நீங்கள் தேடும் 'ஒரே கட்டளை'க்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் அந்த வெளியீட்டின் களஞ்சியம் உங்கள் மூலப் பட்டியலில் (ஆப்ட் பார்க்கும் களஞ்சியங்களின் பட்டியலில்) இருந்தாக வேண்டும்.

ஒன்றிரண்டு அல்ல, பத்துப் பதினைந்து பேக்கேஜ்கள் சம்பந்தப்பட்டிருந்தால் கட்டளையில் எழுதி மாளாது. அப்போது உதவுவது பின்னிங்: எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஆப்டுக்கு ஒரு கோப்பில் எழுதி வைப்பது. ஆப்டின் அமைப்புக் கோப்பகத்தில் உள்ள 'பிரிஃபரன்சஸ்' துணைக் கோப்பகத்தில் மூன்று வரி எழுதினால் போதும்: எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, என்ன முன்னுரிமை. புதிய ஆப்ட் பதிப்புகளில் பேக்கேஜ் பெயருக்கு முன்னால் மூல நிரலைக் குறிக்கும் 'எஸ்ஆர்சி' முன்னொட்டையும் முக்காற்புள்ளியையும் போட்டால், அந்த மூலத்திலிருந்து பிறந்த எல்லாப் பேக்கேஜ்களையும் ஒரே 'பின்' (அந்த மூன்று வரிக் குறிப்பு) பிடித்துக்கொள்ளும். முன்னுரிமை எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். சாதாரணக் களஞ்சியத்துக்கு 500. 'டி' விருப்பத்தால் ஓர் இலக்கு வெளியீட்டைச் சொன்னால் அதற்கு 990. ஏற்கெனவே நிறுவியிருக்கும் பதிப்பு புதியதாக இருந்தால் 990-ஆல் அதைக் கீழே இறக்க முடியாது. 1000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஆப்ட் பதிப்பைக் குறைக்க ஒப்புக்கொள்ளும். எதிர்மறை எண் கொடுத்தால் அந்தப் பதிப்பு நிறுவப்படவே செய்யாது. 'இலக்கு வெளியீட்டைச் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை' என்பவர்களின் புதிர் பெரும்பாலும் அந்த 990-இல்தான் இருக்கிறது.

இதெல்லாம் பழைய பதிப்பு களஞ்சியத்தில் இருந்தால். பெரும்பாலும் இருக்காது என்பதுதான் அடுத்த சிக்கல். டெபியனின் ஒரு வெளியீட்டுக் களஞ்சியம் பொதுவாக ஒரு பேக்கேஜுக்கு ஒரு பதிப்பைத்தான் வைத்திருக்கும். புதியது வந்ததும் பழையது பட்டியலிலிருந்து போய்விடும். உபுண்டுவில் வெளியீட்டு நாள் பதிப்பும், அப்புறம் வந்த கடைசித் திருத்தமும் தனித்தனிப் பகுதிகளில் இருப்பதால் பொதுவாக இரண்டு கிடைக்கும். இடையில் வந்துபோனவை கிடைக்காது. சில மென்பொருள் நிறுவனங்களின் சொந்தக் களஞ்சியங்கள் தாராளமாகப் பல பதிப்புகளை வைத்திருக்கும். உங்களுடையது அந்த ரகம் என்றால் மேலே சொன்னதோடு வேலை முடிந்துவிடும்.

இல்லையென்றால், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். நான் இதில் திட்டவட்டமாக இருப்பேன்: பழைய பதிப்பு வேண்டும் என்று கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது ஒரு பழைய தேதி. அந்த மென்பொருள் நன்றாக ஓடிய நாளில் அதைச் சுற்றி எந்தெந்த லைப்ரரிகள் எந்தெந்தப் பதிப்பில் இருந்தனவோ, அந்த முழுக் கூட்டமும்தான் 'பழைய பதிப்பு'. ஒரு பேக்கேஜை மட்டும் இன்றைய கூட்டத்துக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்த முயலும்போதுதான் இத்தனை முரண்டும் வருகிறது. தேதியைப் பிடித்துவிட்டால் சார்புக் கணக்கை நீங்கள் போட வேண்டியதே இல்லை. அன்றைக்கே போட்டு முடித்த கணக்கு அது.

டெபியன் இதற்கு அருமையான வசதி செய்து வைத்திருக்கிறது. ஸ்னாப்ஷாட் என்ற காப்பகத்தில் 2005 முதல் டெபியன் களஞ்சியத்தின் நிலை நாள்வாரியாக, ஒரு நாளில் பல முறையும்கூட, சேமிக்கப்பட்டிருக்கிறது. ஆப்டின் மூலப் பட்டியலில் சாதாரண முகவரிக்குப் பதிலாக ஸ்னாப்ஷாட்டின் முகவரியையும் ஒரு நேரமுத்திரையையும் கொடுத்தால், ஆப்டுக்கு அன்றைய உலகம் மட்டுமே தெரியும். உபுண்டுவுக்கும் இதே போன்ற சேவை இருக்கிறது. 2023 மார்ச் முதலான நிலைகள் அதில் உண்டு, 24.04-இல் ஆப்ட் கட்டளையிலேயே ஸ்னாப்ஷாட் நேரத்தைக் கொடுக்கலாம். அதைவிடப் பழையது என்றால் உபுண்டுவின் லாஞ்ச்பேடு தளத்தில் ஒவ்வொரு பேக்கேஜின் வெளியீட்டு வரலாறும் இருக்கிறது. ஆதரவு முடிந்த முழு வெளியீடுகளுக்கு டெபியனின் ஆர்க்கைவ், உபுண்டுவின் ஓல்டு ரிலீசஸ் என்று தனி வழங்கிகள் உள்ளன.

தேதியை எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் கணினியிலேயே எழுதி வைத்திருக்கும். பதிவுக் கோப்பகத்தில் ஆப்டின் 'ஹிஸ்டரி' கோப்பையும் டிபிகேஜியின் பதிவையும் திறந்து பாருங்கள். எந்த நாளில் எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எதற்கு மாறியது என்று வரிக்கு வரி இருக்கும். அந்த மேம்படுத்தலுக்கு முந்தைய நாள்தான் உங்கள் தேதி. கூடவே ஆப்டின் கேஷ் கோப்பகத்தையும் (இறக்கிய கோப்புகளை அது வைக்கும் இடத்தையும்) எட்டிப் பாருங்கள். பழைய டெப் கோப்பு அங்கேயே கிடக்கலாம். 'ஆப்ட்' கட்டளை 2016 வாக்கில் வந்த 1.2 பதிப்பு முதல், நிறுவி முடித்ததும் இறக்கிய கோப்புகளை அழித்துவிடுகிறது. 'ஆப்ட் கெட்' அழிப்பதில்லை. எதைப் பயன்படுத்தும் பழக்கம் உங்களுக்கு என்பதைப் பொறுத்து அதிர்ஷ்டம்.

ஸ்னாப்ஷாட்டைச் சேர்த்ததும் ஆப்ட் இன்னொரு காரணம் சொல்லி மறுக்கலாம்: களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு காலாவதியாகிவிட்டது என்று. அந்த மூல வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் காலாவதிச் சோதனையை மட்டும் நிறுத்தும் விருப்பத்தைக் கொடுத்தால் போதும். கையொப்பச் சோதனையையே நிறுத்திவிடும் 'டிரஸ்டட்' விருப்பத்தைப் போடச் சொல்லும் ஆலோசனையைத் தொடாதீர்கள். காலாவதி என்பது கோப்பு பழையது என்று மட்டும் சொல்கிறது, நமக்கு அது தெரிந்ததுதான். கையொப்பம் சொல்வது கோப்பு யாருடையது என்று.

இனி நிறுவுவதற்கு முன் ஒத்திகை. ஆப்ட் கட்டளையோடு சிமுலேட் விருப்பத்தைச் சேர்த்தால் எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். அதில் இரண்டை மட்டும் தேடுங்கள்: எத்தனை பேக்கேஜ்கள் நீக்கப்படும், பதிப்பு குறையும் பட்டியலில் சி லைப்ரரி இருக்கிறதா. சி லைப்ரரி அந்தப் பட்டியலில் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணினியில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் அதன் மேல்தான் நிற்கின்றன; புதிய சி லைப்ரரியை நம்பித் தொகுக்கப்பட்ட நிரல் பழையதன் மேல் கிளம்பவே கிளம்பாது. ஆப்ட், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் உட்பட. அதன்பின் சரிசெய்யக் கையில் கருவி இருக்காது.

பதிப்பைக் குறைப்பதை டெபியன் அதிகாரபூர்வமாக ஆதரிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேக்கேஜும் நிறுவும் முன்னும் பின்னும் ஓடும் சிறு ஸ்கிரிப்டுகளோடு வருகிறது. அவை பழையதிலிருந்து புதியதுக்குப் போவதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. திரும்பி வரும் பாதையைச் சோதித்துப் பார்க்க யாரும் இல்லை. சிறிய கட்டளைவரிக் கருவி என்றால் இதனால் ஒன்றும் ஆகாது. தரவு வைத்திருக்கும் மென்பொருள் என்றால் கதையே வேறு. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 8.0 ஒருமுறை தரவுக் கோப்பகத்தைத் தன் வடிவத்துக்கு மாற்றிவிட்டால் 5.7-ஆல் அதைத் திறக்க முடியாது. தரவை ஏற்றுமதி செய்து புதிதாக ஏற்றுவதே வழி. இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் முதன்மைப் பதிப்புகளுக்கு இடையிலும் இதே கதைதான். ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு தொட்ட சுயவிவரத்தைப் பழைய பதிப்பு திறக்க மறுத்து, புதிய சுயவிவரம் உருவாக்கச் சொல்கிறது. மறுக்காமல் திறந்து தரவைக் குழப்பிவைக்கும் மென்பொருள்களை நினைத்தால் இது எவ்வளவோ மேல். எதுவானாலும் பதிப்பைக் குறைக்கும் முன் தரவை நகலெடுத்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு என் பரிந்துரை என்ன என்றால்: ஒரு சிறு கருவியை ஒரு படி பின்னால் கொண்டுபோவதென்றால் இருக்கும் கணினியிலேயே செய்யுங்கள். வருடக்கணக்கில் பின்னால் போவதென்றால் அந்தக் கணினியைத் தொடாதீர்கள். அந்தக் காலத்து டெபியன் அல்லது உபுண்டுவை ஒரு கண்டெய்னரில் (கணினிக்குள்ளேயே தனியாகப் பிரித்த சூழலில்) எழுப்பி, மென்பொருளை அதற்குள் ஓட்டுங்கள். டிபூட்ஸ்ட்ராப் கருவி ஸ்னாப்ஷாட் முகவரியையே ஏற்றுக்கொள்ளும் என்பதால், நீங்கள் சொல்லும் தேதியின் டெபியனை ஒரு கோப்பகத்துக்குள் முழுதாக விரித்துவிடலாம். உள்ளே எது உடைந்தாலும் கோப்பகத்தை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பைதான் 2 தேவைப்படும் பழைய நிரல்களுக்கு இது இன்னும் பொருந்தும்; டெபியன் 12 முதல் களஞ்சியத்திலேயே பைதான் 2 கிடையாது.

ஒரு லைப்ரரி மட்டும் குறைகிறது என்றால் கண்டெய்னர் வரை போக வேண்டியதில்லை. லைப்ரரி பேக்கேஜ்களின் பெயரிலேயே ஓர் எண் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெவ்வேறு எண் உள்ளவை ஒரே கணினியில் அருகருகே இருக்கலாம் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. உபுண்டு 22.04-இல் குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்தபோது, 1.1 லைப்ரரியைக் கேட்ட பழைய நிரல்கள் எல்லாம் நின்றன. பலர் 20.04-இன் களஞ்சியத்திலிருந்து அந்த ஒரு டெப் கோப்பை எடுத்துப் போட்டார்கள், ஓடியது. தொழில்நுட்ப ரீதியில் தவறும் இல்லை. ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-உடன் முடிந்தது, கையால் போட்ட அந்தக் கோப்புக்கு உங்கள் களஞ்சியத்திலிருந்து பாதுகாப்புத் திருத்தம் ஒருநாளும் வராது. இணையத்தோடு பேசும் நிரலுக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

மற்ற லினக்ஸ்களில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஃபெடோராவில் நிறுவல் கருவியான டிஎன்எஃப்புக்கு 'டவுன்கிரேடு' என்றே ஒரு கட்டளை உண்டு. 'ஹிஸ்டரி அன்டூ' ஒரு முழு மேம்படுத்தலையே திருப்பிப் போட முயலும். பழைய பேக்கேஜ் களஞ்சியத்தில் இருந்தால்தான் இரண்டும் பலிக்கும், ஃபெடோராவின் அப்டேட்ஸ் களஞ்சியம் கடைசிப் பதிப்பை மட்டுமே வைத்திருக்கும். ஆர்ச்சில் பாதிப் பேக்கேஜ்களைப் புதியதாகவும் மீதியைப் பழையதாகவும் வைப்பதற்கு ஆதரவே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பதில் தேதிவாரிக் காப்பகம் இருக்கிறது: மிரர் (களஞ்சிய நகல்) முகவரியில் வருடம், மாதம், நாளைப் போட்டு, அங்குள்ள நிறுவல் கருவியான பேக்மேனுக்கு 'யூ' விருப்பத்தை இருமுறை கொடுத்தால் மொத்தக் கணினியும் அந்த நாளுக்குத் திரும்பும். நிக்ஸ் இந்தத் தலைவலியை அடித்தளத்திலேயே தவிர்த்துவிட்டது. ஒவ்வொரு பேக்கேஜும் தன் சார்புகள் சேர்ந்த ஹாஷ் (கணக்கிட்டுப் பெற்ற அடையாளக் குறி) உள்ள தனிப் பாதையில் இருப்பதால், பழையதும் புதியதும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

நீங்கள் கேட்காததுதான், ஆனாலும் பைதான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. ஏனென்றால் அங்கே சிக்கல் தலைகீழ். ஆப்ட் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறது. பிப் முடியும் என்று சொல்லி, எல்லாவற்றையும் நிறுவி, ஓட்டும்போது உடைகிறது. பைதானில் இணையச் செயலி எழுத உதவும் ஃபிளாஸ்க்கின், 2020 ஏப்ரலில் வந்த 1.1.2 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் சார்பான ஜின்ஜா 2.10.1 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கேட்கிறது. எதுவரை என்று சொல்லவில்லை. இட்ஸ்டேஞ்சரஸ், வெர்க்ஸ்யூக் ஆகிய மற்ற சார்புகளுக்கும் அப்படியே. ஆகவே இன்று ஃபிளாஸ்க் 1.1.2 மட்டும் என்று கேட்டால், பிப் ஃபிளாஸ்க்கைப் பழையதாகவும் மற்ற எல்லாவற்றையும் புத்தம் புதிதாகவும் போடும். எந்த நிபந்தனையும் மீறப்படவில்லை என்பதால் பிழையும் வராது. ஆனால் 2022 மார்ச்சில் வந்த ஜின்ஜா 3.1, ஃபிளாஸ்க் நம்பியிருந்த 'எஸ்கேப்' என்ற பெயரை நீக்கிவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜின்ஜாவின் சார்பான மார்க்கப்சேஃப் 2.1 இன்னொரு பெயரை நீக்கியதில் பழைய ஜின்ஜாக்களும் படுத்தன. பழைய ஃபிளாஸ்க் நிரலின் ஓர் எழுத்துகூட மாறவில்லை, சுற்றியிருந்தவை மாறிவிட்டன.

இங்கேயும் மருந்து தேதிதான். பிப்பின் வேலையைச் செய்யும் யூவி கருவியில் 'எக்ஸ்க்ளூட் நியூவர்' விருப்பத்துக்கு ஒரு தேதியைக் கொடுத்தால், அதற்குப் பின் வெளியான எதையும் அது கண்ணெடுத்துப் பார்க்காது. 2020-இன் ஃபிளாஸ்க்குக்கு 2020-இன் ஜின்ஜாவே வரும். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களுக்கான என்பிஎம்மிலும் 'பிஃபோர்' என்ற விருப்பம் இதே வேலையைச் செய்கிறது. பைதான் பதிப்பையும் அந்தக் காலத்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சி நிரல் கலந்த பழைய பேக்கேஜுக்குப் புதிய பைதானுக்கான வீல் (முன்கூட்டியே தொகுத்த) கோப்பு பெரும்பாலும் இருக்காது, பிப் மூலத்திலிருந்து தொகுக்கக் கிளம்பும், தொகுக்க உதவிய டிஸ்ட்யூட்டில்ஸ் பைதான் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டதால் அங்கேயும் இடறலாம். பிழைச்செய்தி சி கம்பைலரைக் (தொகுப்பியை) குறை சொல்லலாம். கோளாறு பைதான் தேர்வில் இருக்கும். திட்டத்தில் லாக் கோப்பு (எந்தச் சார்பு எந்தப் பதிப்பு என்று துல்லியமாகப் பதிந்த கோப்பு) இருந்தால் இதெல்லாம் வேண்டாம். அதை மதிக்கும் கட்டளையை மட்டும் கொடுங்கள்: என்பிஎம்மில் 'சிஐ', ரஸ்ட் மொழிக்கான கார்கோவில் 'லாக்டு' விருப்பம். கார்கோ இன்ஸ்டால் தானாக லாக் கோப்பைப் பார்க்காது என்பது பலருக்குத் தெரியாது.

மறுபடி உங்கள் கணினிக்கு. பழைய பதிப்பு நன்றாக ஓட ஆரம்பித்ததும் ஸ்னாப்ஷாட் வரியை மூலப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், இறக்கிய டெப் கோப்புகளைத் தனியே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் 'ஆப்ட் மார்க் ஹோல்டு' கொடுத்து, உடன்பிறந்த பேக்கேஜ்கள் அத்தனையையும் பிடித்து வையுங்கள். முன்பு சொன்ன 'பின்' குறிப்பை எழுதியிருந்தால் இது தேவையில்லை. பிடித்து வைத்த பேக்கேஜுக்குப் பாதுகாப்புத் திருத்தமும் வராது. எதைப் பிடித்து வைத்தீர்கள் என்பது ஆறு மாதத்தில் மறந்துபோகும். 'ஷோ ஹோல்டு' கொடுத்தால் பட்டியல் வரும், ஆனால் 'பின்'கள் அதில் தெரியாது. அவற்றுக்குப் பிரிஃபரன்சஸ் கோப்பகத்தைத் திறந்து பாருங்கள். 'பின்' கோப்பில் ஒரு விளக்க வரி எழுத இடம் உண்டு. ஏன் பிடித்தீர்கள், எந்தப் பிழை சரியானதும் விடலாம் என்பதை அங்கேயே எழுதி வையுங்கள்.